களுவாஞ்சிக்குடி வீடு (குடும்பக் குழு)

அக்கா (லண்டன்): அம்மா, நேற்று பழுப்பு உறையில் கடிதம் வந்தது. இங்கே அரசாங்கம் தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையைக் கூடுதலாகத் தந்துவிட்டார்களாம். 1,940 பவுண் திருப்பிக் கட்டட்டுமாம். இரவு முழுக்க நித்திரை இல்லை.

அம்மா: என்ன பிள்ளை இது? எதையாவது மறைத்தாயா?

அக்கா (லண்டன்): மறைக்கவில்லை அம்மா. மாமாங்கேஸ்வரர் கோயிலில் தாலி கட்டியது ஆவணியில். இங்கே எழுத்து (திருமணப் பதிவு) நடந்தது தையில். எழுத்து முடிந்த பிறகு அறிவித்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

தம்பி (லண்டன்): அக்கா, எழுத்து இல்லாவிட்டாலும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக இருந்தால் இங்கே தம்பதிதான். அத்தான் குடிவந்த அன்றே இணையக் கணக்கில் அறிவித்திருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே விண்ணப்பம். அத்தானின் சம்பளத்தில் பவுணுக்கு 55 பென்ஸ் வீதம் உதவித்தொகை குறையும்.

பெரியமாமா: மருமகள், கடிதத்தைப் படம் எடுத்துப் போடு.

அக்கா (லண்டன்): [படம்]

பெரியமாமா: பெருப்பித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 31இலிருந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை உன்னோடு குடிவந்தது எப்போது?

அக்கா (லண்டன்): ஒக்டோபர் 18. அதுவரை லெஸ்டரில் தனி அறையில் வாடகைக்கு இருந்தார். ஐயோ மாமா, அறிவித்தபோது தாலி கட்டிய நாளை மட்டும்தான் எழுதினேன்!

பெரியமாமா: பிழை அங்கேதான். நான் கிராம சேவகராக இருந்த காலத்தில், உதவிப் பணம் எடுக்கும் வீட்டில் கட்டாரிலிருந்து கணவன் திரும்பிய செய்தி என் மேசைக்குத்தான் கடைசியாக வரும். பலர் களவாக மறைக்கவில்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டு, பிறகு சொல்லப் பயந்தார்கள். நீ பயப்படாதே.

தம்பி (லண்டன்): ஒரே வீட்டில் இல்லாத நாட்களுக்குத் தம்பதிக் கணக்குப் பார்க்க முடியாது. கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். லெஸ்டர் வாடகை ஒப்பந்தத்தையும் இணையுங்கள். ஒக்டோபர் 18க்குப் பிந்தியதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

சித்தி: என் காப்பை அடகு வைத்து அனுப்பவா?

தம்பி (லண்டன்): வேண்டாம் சித்தி. உதவித்தொகை தொடர்ந்தால் மாதாமாதம் அதில் கழிப்பார்கள். 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து பொதுவாக அடிப்படைத் தொகையில் 15 சதவீதம்தான் உச்சம். முன்பு 25. தாமதமாக அறிவித்ததற்கு 50 பவுண் தண்டமும் போடலாம். அதனால் தாமதத்தின் காரணத்தையும் உள்ளபடி எழுதுங்கள்.

அம்மா: கட்டவேண்டியதில் ஒரு சதமும் மிச்சம் வைக்காதே மகள். கட்டத் தேவையில்லாததைக் கட்டவும் வேண்டாம்.

அக்கா (லண்டன்): ஒப்பந்தம் அவருடைய பெட்டியில் இருக்கிறது, இப்போதுதான் எடுத்தோம். இன்றிரவே எழுதி, அனுப்புவதற்கு முன் இங்கே போடுகிறேன். மாமா, ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்.

பெரியமாமா: போடு. கண்ணாடியைக் கழற்றாமல் இருக்கிறேன்.