டேட்டன் விமானப்படை அருங்காட்சியகம்: புனரமைப்புக் கூடத்துக்கு நேரம் ஒதுக்கலாமா?

கேள்வி (வான்நோக்கி): ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் அருகிலுள்ள அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்க எனக்கு ஒரே ஒரு நாள் கிடைத்திருக்கிறது. முன்பதிவு செய்தவர்களைப் புனரமைப்புக் கூடத்துக்கும் அழைத்துச் செல்வார்கள் என்று அறிகிறேன். பாதி பிரித்துப்போட்ட விமானங்களைக் காண்பதற்காகக் காட்சிக்கூடங்களுக்கான நேரத்தைக் குறைத்துக்கொள்வது தகுமா?

பதில் (ரிவெட்): தகும் என்பேன். 'மெம்ஃபிஸ் பெல்' என்னும் பி-17 குண்டுவீச்சு விமானம் 2005-இல் அங்கு வந்து, 2018 மே மாதத்தில்தான் காட்சிக்கு வைக்கப்பட்டது. இடையில் பழைய பெயின்ட்டை உரித்தபோது, 1943-இல் போர்ச் செலவுக்கு நிதி திரட்டும் பத்திரங்களின் விற்பனைக்காக அது ஊர் ஊராகச் சென்றிருந்த வேளையில் பொதுமக்கள் அலுமினியத் தகட்டில் கீறிவைத்த பெயர்கள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. பளபளப்பாக முடிக்கப்பட்ட விமானத்தைத் தடுப்புக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்கு இப்படிப்பட்ட தடயங்கள் எளிதில் புலப்படுவதில்லை.

பதில் (உயரமானி): எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உலகில் எஞ்சியிருக்கும் ஒரே எக்ஸ்பி-70 வால்கிரி என்னும் சோதனைக் குண்டுவீச்சு விமானம் அங்குதான் நிற்கிறது. அதன் அடியில் நடந்து பார்ப்பதற்கே நேரம் போதாது. அனுமதி இலவசம் என்பதால் மறுநாளும் வர முடிந்தவர்களுக்குக் கவலையில்லை, தங்களுக்கு அந்த வசதி இல்லையே. புனரமைப்புக் கூடத்துக்குச் சென்றாலும் எதையும் தொடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால விமான அளவுமானிகள் பலவற்றின் எண்களுக்கு, இருளில் ஒளிர்வதற்காக, கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டிருந்தது. பூச்சில் ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு சிதைந்து ஒளி மங்கிவிட்டாலும், ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால் கதிர்வீச்சு ஓய்வதில்லை. முகப்புக் கண்ணாடி விரிசல் விட்ட மானிகளை அருங்காட்சியகங்கள் தனியே பூட்டிவைப்பதும், சில விமானி அறைகளுக்குள் எவரையும் அனுமதிக்காததும் வீண் கெடுபிடி அல்ல.

பதில் (பழைய இறக்கை): புனரமைப்புக் கூடத்துக்கான முன்பதிவில் இடம் கிடைக்காவிட்டால், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகமான உட்வர்-ஹேஸி மையத்தை நினைவில் கொள்ளுங்கள், அங்கு புனரமைப்புப் பணியை மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். இங்கிலாந்து செல்பவர்கள் காஸ்ஃபோர்டிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தை விடக்கூடாது. 2013-இல் கடலடியிலிருந்து தூக்கிய டோர்னியர் 17 என்னும் ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானத்தின் மீது சிட்ரிக் அமிலக் கரைசலை நீண்ட காலம் தெளித்து, உலோகத்தில் ஊறியிருந்த உப்பை அங்குதான் வெளியேற்றினார்கள்.

வான்நோக்கி: நன்றி. காலையில் புனரமைப்புக் கூடம், அதன்பின் நேரே வால்கிரி என்று முடிவு செய்துவிட்டேன். முதல் உலகப்போர்ப் பகுதியை இம்முறை விட்டுவிட வேண்டியதுதான்.