‘ஆர்டர்’ என்பதற்குத் ‘தூணணி’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் தூண் அமைப்பு வகைகளை ஆங்கிலத்தில் ‘ஆர்டர்’ என்பார்கள்; டோரிக், அயோனிக், கொரிந்தியம் என்பன அவற்றில் சில. அதற்குத் தமிழ்ச்சொல் பற்றி நண்பர் ஒருவர் கேட்டது:

> டோரிக் ஆர்டர், அயோனிக் ஆர்டர் என்று வருமிடங்களில் ‘கட்டளை’ போதாதா? இல்லையென்றால் ‘தூண் வரிசை’ என்று வைத்துக்கொள்ளலாமே?

‘கட்டளை’யில் நியாயம் இருக்கிறது ஐயா. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையின் பெயரில் இருப்பது அளவு என்ற பழைய பொருள்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லைப் படிப்பவருக்கு உத்தரவுதான் நினைவுக்கு வரும். ‘தூண் வரிசை’ நல்ல சொல். அதை அடுத்தடுத்து நிற்கும் தூண்களுக்கே விட்டுவைப்போம், அங்கே கட்டாயம் தேவைப்படும்.

ஆர்டர் என்பது தூண் மட்டும் அல்ல. அடிப்பீடம், தண்டு, தலை, அதன்மேல் படுக்கும் உத்திரப் பகுதி எல்லாம் ஒரே அளவிலிருந்து பிறக்கும் முழுத் தொகுதி அது. தூணின் அடிவிட்டத்தில் பாதியை ஓர் அலகாகக் கொண்டால், மற்றதெல்லாம் அதன் மடங்கு அல்லது பின்னம். டோரிக் பிறந்த கதையைப் பண்டை ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் சொல்கிறார்: ஆணின் பாத நீளம் அவன் உயரத்தில் ஆறில் ஒன்று என்று கண்டு, தூணையும் அடித்தடிமனைப் போல ஆறு மடங்கு உயர்த்தினார்களாம். தூணைக் ‘கால்’ என்றே சொல்லி, ஆயிரங்கால் மண்டபம் எழுப்பிய நமக்கு இது அந்நியமான எண்ணமே இல்லை.

தூண்களைப் பற்றிய இந்தப் பாடம் ஒரு கிறிஸ்தவக் கல்விக்குள் ஏன் வருகிறது என்பதைப் பார்த்தால் சொல்லும் தெளிவாகும். அமெரிக்காவின் நோட்டர்டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 1989இல் தாமஸ் கார்டன் ஸ்மித் பொறுப்பேற்றபின் கட்டடக்கலைப் படிப்பு செவ்வியல் மரபுக்குத் திரும்பியது. மாணவர்கள் மூன்றாம் ஆண்டை ரோமில் கழிக்கிறார்கள். கையால் வரைவதற்கு அங்கே பெரிய இடம் உண்டு. தூண்தலை ஒன்றை வரைந்து, ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து 45 பாகையில் விழுவதாகக் கொண்டு, நீர்த்த மையை அடுக்கடுக்காகப் பூசி நிழல் ஏற்றுவது இந்த மரபின் பழைய பயிற்சி. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் தாள் கெட்டுவிடும். எண், வடிவியல், இசை, வானியல் என்ற பழைய நான்கு கலைகளில் முதல் இரண்டும் இங்கே விரல்நுனிக்கு வந்துவிடுகின்றன.

கடவுள் எல்லாவற்றையும் அளவாலும் எண்ணாலும் எடையாலும் ஒழுங்குசெய்தார் என்று விவிலியத்தின் சாலமோனின் ஞானம் என்ற நூல் (11:20) சொல்கிறது. புனித அகுஸ்தினார் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட வசனம் அது. ஒரு வளைவைக் கட்டிய கொத்தனார் எதிரேயும் அதே மாதிரி இன்னொன்று ஏன் கட்டுகிறார் என்று அகுஸ்தினார் ஓரிடத்தில் கேட்கிறார். ‘அதுதான் அழகு’ என்ற பதிலோடு அவர் நிற்பதில்லை. ஏன் அழகு என்று மேலும் கேட்டு, அந்தக் கேள்வியைக் கடவுள்வரை கொண்டுபோகிறார்.

ஆக, நமக்கு வேண்டிய சொல்லில் ஒழுங்கும் அழகும் சேர்ந்தே இருக்க வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது: அணி. அணிவகுப்பிலும் அணிதான், அணிகலனிலும் அணிதான். கிரேக்கத்தில் ‘கோஸ்மோஸ்’ என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள்கள். உலகத்துக்கும் அவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். இதைக் கவனித்த அன்று எனக்கு வேறு சொல் தேடவே மனம் வரவில்லை.

‘காலணி’ என்று வைக்க முடியாது, அது செருப்புக்குப் போய்விட்டது. அதனால் தூணணி. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“கொலோசியத்தின் இரண்டாம் தளத்தில் அயோனிக் தூணணி, மூன்றாம் தளத்தில் கொரிந்தியத் தூணணி.”

“இத்தாலியக் கட்டடக்கலைஞர் விஞ்ஞோலா 1562இல் ஐந்து தூணணிகளுக்கும் விதி வகுத்தார்.”

எனக்கு இடறவில்லை. இன்னொன்று: மேலே சொன்ன நான்கு கலைகளும் அடங்கிய ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பதைத் ‘தாராளக் கலைகள்’ ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே ‘லிபரல்’ தாராளத்தைக் குறிக்கவில்லை, அடிமையல்லாத மனிதருக்கு உரியது என்பதே பொருள். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எழுதும்போது ‘தூணணி’ என்று சேர்ப்பதா, ‘தூண் அணி’ என்று பிரிப்பதா? பள்ளி மாணவர்கள் முதல் பார்வையில் எப்படிப் படிப்பார்கள் என்பதை வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.