சாவி கொடுக்கிற பழைய தகரக் கார்: சாவி இறுகிக் கிடக்கிறது, சக்கரம் சுற்றவில்லை

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் சிறிய அருங்காட்சியகத்துக்கு வந்த கார். அடியில் ‘மேட் இன் யு.எஸ். ஸோன் ஜெர்மனி’ என்று அச்சு. சாவி கால் சுற்றுகூடப் போகவில்லை. பின்சக்கரம் அசையவில்லை. விளிம்பில் துரு. தகடுகளைக் கோத்துப் பிடிக்கிற மடிப்பு நாக்குகளை நிமிர்த்திப் பிரித்து, புளி போட்டுத் துலக்கலாமா?

சாவிக்கொத்து:
புளி வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. இது இரும்புத் தகட்டில் மெல்லிய வெள்ளீயப் பூச்சு, அதன்மேல் அச்சிட்ட வண்ணம். புளியின் அமிலம் இரண்டையும் தின்றுவிடும். விபூதியும் கீறும். நாக்குகளையும் தொடாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை மடித்த தகடு. நிமிர்த்தி மறுபடி மடித்தால் ஒடியும்.

சாவி தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் சுருள்வில் அறுந்திருக்கும், அல்லது கொக்கி கழன்றிருக்கும். உங்களுடையது இறுகி நிற்கிறது. வில் முழுதாக முறுக்கேறி இருக்கிறது, அடைப்பு பல்சக்கரங்களில். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும், இல்லையென்றால் பின் அச்சில் நூல், முடி சுற்றியிருக்கும். முதலில் அதைக் கிடுக்கியால் எடுங்கள். அப்புறம் அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியால் லைட்டர் பெட்ரோல் ஒரு துளி. பக்கத்தில் தீ கூடாது. வண்ணத்தில் படவிடாதீர்கள்.

சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். பிடிக்காவிட்டால் வில் ஒரே மூச்சில் அவிழ்ந்து பல்லை உடைக்கும்.

பொருநைக்கரை:
டாஷ்போர்டு பக்கம் இரண்டு சிறு நெம்புகோல் இருக்கிறதே?

சாவிக்கொத்து:
அப்படியானால் பெட்ரோலை நிறுத்துங்கள்! நூரம்பெர்க் பொம்மை நிறுவனமான ஷூகோவின் (Schuco) எக்ஸாமிகோ 4001 மாதிரி கார்களில் கியரும் கிளட்சும் உண்டு. நியூட்ரலில் இருந்தாலோ ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலோ நல்ல காரும் அசையாது. கட்டாயப்படுத்தாமல் ஒவ்வொரு நிலையாக மாற்றிப் பாருங்கள்.

அந்த அச்சு 1945-க்குப் பிந்தைய அமெரிக்க ஆளுகைக் காலத்தைச் சேர்ந்தது. நூரம்பெர்க் அந்தப் பகுதியில்தான் இருந்தது. அடிப்பாகத்தைத் துலக்கினால் இந்தச் சான்றும் போய்விடும்.

சாரல்காற்று:
ஓடினாலும் ஓட்டாதீர்கள். சுருள்வில்லின் முறுக்கை முழுக்க அவிழ்த்தே காட்சிக்கு வையுங்கள். கடிகார எண்ணெய் குண்டூசித்தலை அளவு, அச்சு முனைக்கு மட்டும். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

துருவில் உதிர்வதை மட்டும் மூங்கில் பல்குச்சியால் தட்டி எடுத்து, வெறும் இரும்பில் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாகப் பூசுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். வியர்வை உப்பு துருவைக் கிளப்பும்.

ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும்தான் நமக்குச் சிக்கல். காற்றுப்புகாத 10 லிட்டர் அக்ரிலிக் பெட்டிக்கு 200 கிராம் ஆரஞ்சு சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு, ஈரப்பதமானி வைத்து 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். அந்த மணிகளின் நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். புது பிளைவுட் பெட்டி, அந்துருண்டை இரண்டும் ஆகாது, ஆவி வரும்.

சாவியைக் காரில் செருகி வைக்காதீர்கள், பிள்ளைகள் திருகிவிடுவார்கள். அதே பெட்டிக்குள் தனியாக வையுங்கள்.