எர்த் இன்ஜினில் நம் மாவட்டம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நாகர்கோவில்காரன்:
செயற்கைக்கோள் படங்களை வைத்துக் குமரி மாவட்டத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள பெரிய சர்வர்களுக்கு, போன பிறகு என்ன மாறியது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

முன்பெல்லாம் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம் ஒன்றை இறக்க ராத்திரி கணினியை ஓடவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் திறந்தால் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரே மேகமாக இருக்கும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தெளிவான படம் கிடைப்பதே பெரிய பாடு. கூகுள் எர்த் இன்ஜினில் படத்தை இறக்கவே வேண்டாம். எல்லாப் படங்களும் அங்கேயே இருக்கின்றன. நாம் நிரலை அனுப்பினால் கணக்கு அவர்கள் சர்வரில் நடந்து, விடை மட்டும் நம் திரைக்கு வருகிறது. ஒரு வருடப் படங்கள் அத்தனையிலும் மேகத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் மீடியன் (நடு மதிப்பு) எடுத்தால் மாவட்டம் முழுவதும் துடைத்து வைத்ததுபோல் தெரிகிறது. என் பழைய லேப்டாப்புக்கு இது தாராளம்.

எனக்கு மிகவும் உதவியது 2021 நவம்பர் வெள்ளத்தின்போது. மழை நாளில் சாதாரணப் படம் எடுபடாது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார்தான் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். அசையாத நீர் அதில் கறுப்பாக விழும். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் அதே கறுப்புதான். வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டாலும் போதாது, இடையில் நடவு தொடங்கியிருக்கலாம். அதனால் தேதியை மாற்றி முந்தைய நவம்பர்களுக்கும் அதே நிரலை ஓடவிட்டேன். வருடந்தோறும் கறுக்கும் இடம் வயல், அந்த வருடம் மட்டும் கறுத்தது வெள்ளம். அத்தனை வருடப் படங்களையும் இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தால் இப்படி யோசித்திருக்கவே மாட்டேன். ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. வாழைத்தோட்டத்துக்குள் நின்ற தண்ணீரை இந்த ரேடார் அநேகமாகப் பிடிக்காது, இலையிலேயே நின்றுவிடும். அங்கே தோட்டக்காரர்களிடம் கேட்டுத்தான் வரைந்தேன்.

குலசேகரம் ரப்பர்:
அண்ணாச்சி, வருடம் முழுவதற்கும் மீடியன் எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கம் ஆகாது. ரப்பரையும் மலைக்காட்டையும் பிரிக்க எங்களுக்கு இருக்கிற ஒரே வழி இலையுதிர்வு. தை வாக்கில் ரப்பர் மொட்டையாக நிற்கும், காடு பச்சையாகவே இருக்கும். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகக் கலந்தால் அந்த வித்தியாசமே கரைந்துவிடுகிறது. மாதவாரியாகப் பிரித்து எடுங்கள். நல்லவேளை, அந்த மாதங்களில் வானமும் தெளிவாக இருக்கும்.

தேரூர் பக்கம்:
ஒரு கருத்தரங்கில் வரைபடம் ஒன்றைக் காட்டி, எங்கள் பக்கத்துக் குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது என்றார்கள். நிரலில் தப்பில்லை, படத்தில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் நீர்க் குறியீடும் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குளம் நிறையத் தாமரை இலை படர்ந்திருந்தால் அதற்குத் தண்ணீர் எங்கே தெரியும்? செடி என்றுதான் சொல்லும். ஆகாயத்தாமரைக்கும் இதே கதை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பிறகு வெளியூர் மாணவர்கள் நிறையப் பேர் இதை வரைகிறார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை கரையில் வந்து நின்று பார்த்தால் புண்ணியமாகப் போகும். அரை நாளில் நாற்பது வருட வரைபடம் போட முடிகிறது என்பதாலேயே, அந்த அரை மணி நேரத்தை யாரும் செலவழிப்பதில்லை.

தேங்காய்ப்பட்டணம்:
கடற்கரைக்காரன் பங்குக்கு நானும் சொல்கிறேன். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-இல் இலவசமாயின. 1980-களின் படத்தையும் இப்போதைய படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கரையைப் பார்க்க முடிகிறது. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் அரிப்பதும் நன்றாகவே தெரியும். ஆனால் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டர். ஐந்து மீட்டர் கரை போனால் எங்களுக்கு ஒரு வீடு போயிற்று, படத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. சென்டினல்-2 பத்து மீட்டர் என்பதால் கொஞ்சம் தேவலை. ஓதம் ஏறியிருக்கும்போது எடுத்த படமா, வற்றிய நேரத்ததா என்று பார்க்காமல் கோடு போடாதீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வி. பெரிய பரப்புக்குப் போட்டால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறதே?

நாகர்கோவில்காரன்:
திரையிலேயே காட்டச் சொல்லாமல் எக்ஸ்போர்ட் கொடுத்துவிடுங்கள், பின்னணியில் ஓடி உங்கள் கூகுள் டிரைவில் வந்து விழும். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். இன்னொன்று, படிப்புக்கும் ஆய்வுக்கும்தான் இலவசம். கம்பெனி வேலைக்கு 2022 முதல் தனிக் கட்டணத் திட்டம் இருக்கிறது. யாருக்காவது காசுக்குச் செய்து கொடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.