பொருள்: 'நல்' (NULL) என்பதற்குத் தமிழ் – வெற்று, இன்மை, மதிப்பிலி

வணக்கம் நண்பர்களே,

உறவுநிலைத் தரவுத்தளம் படிக்கத் தொடங்குவோருக்காக எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளை வைத்து ஒரு பாடக்குறிப்பு உருவாகிவருகிறது. அட்டவணை, நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை), முதன்மைச் சாவி (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டுவது) எல்லாம் முடிவாகிவிட்டன. கட்டத்தில் மதிப்பே இல்லை என்பதைக் காட்டும் குறியான 'நல்' மட்டும் பாக்கி. ஒலிபெயர்த்தால் 'நல் மதிப்பு' என்று வந்து நிற்கும். படிப்பவர் நல்ல மதிப்பு என்றே எடுத்துக்கொள்வார். பலரும் எழுதுகிற 'வெற்று' இன்னும் பெரிய சிக்கல். ஏன் என்பதைச் செய்துபார்த்தே காட்டலாம்.

உறுப்பினர் என்று ஓர் அட்டவணை. எண், பெயர், கைபேசி என மூன்று நிரல். (எஸ்கியூலைட்டில் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மேற்கோள்குறிகூட வேண்டாம். கட்டளைச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தட்டவேண்டும்.) ஐந்து நிரை இடுங்கள். இருவருக்குக் கைபேசி எண் உண்டு. ஒருவருக்கு வெற்றுச் சரம், அதாவது நடுவில் ஒன்றுமில்லாத இரு ஒற்றை மேற்கோள்குறிகள். மற்ற இருவருக்கு நல். நிரைகளைக் காட்டும் செலக்ட் கட்டளை கொடுத்துப் பார்த்தால் மூன்று கட்டங்கள் ஒரேபோலக் காலியாக இருக்கும். எஸ்கியூலைட்டின் கட்டளைத்திரை இயல்பாக நல்லுக்கு எதையும் அச்சிடாது.

இப்போது கைபேசி = '' என்று வடிகட்டினால் 1 நிரை வரும். கைபேசி <> '' என்றால் 2. மீதி இருவர் இரண்டு பக்கத்திலும் இல்லை! கைபேசி = நல் என்று கேட்டால் நிரையும் வராது, பிழைச்செய்தியும் வராது. புதியவர் திணறும் இடம் இதுதான். கைபேசி ஈஸ் நல் (IS NULL) என்று கேட்டால்தான் அந்த இருவரும் கிடைப்பார்கள். எண்ணிக்கை தரும் கவுன்ட்டுக்குள் நட்சத்திரக்குறி போட்டால் 5, கைபேசி என்று போட்டால் 3.

இதில் வெற்றுச் சரம் ஒன்று ஏற்கெனவே 'வெற்று' என்ற சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. நல்லுக்கும் அதையே வைத்தால் பிரித்துக் காட்டவேண்டிய இரண்டும் ஒரே பெயரில் கலந்துவிடும். 'முடிவிலி' போல 'மதிப்பிலி' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

---

> 'மதிப்பிலி' என்று வைக்கலாம்

ஐயா, வணக்கம். இரண்டு மறுப்புகள். பள்ளிக் கணக்கில் 'வெற்றுக் கணம்' எல்லாருக்கும் பழக்கமான சொல். அந்தப் பழக்கத்தை ஏன் விடவேண்டும்? அடுத்து, 'மதிப்பிலி' என்றால் மரியாதை இல்லாதவர் என்ற வசைபோலவும் ஒலிக்கிறது. 'இன்மை' சுருக்கமாக இருக்கிறது. அது வேண்டாமென்றால் 'அறியா மதிப்பு' என்று பொருளை நேராகவே சொல்லிவிடலாம்.

---

> 'வெற்றுக் கணம்' எல்லாருக்கும் பழக்கமான சொல்

அந்தப் பழக்கம்தான் இங்கே தடை, ஐயா. வெற்றுக் கணம் ஒரு முழுமையான கணம். இரண்டு வெற்றுக் கணங்கள் சமம். நல் = நல் என்று கேட்டால் விடை 'ஆம்' இல்லை, 'இல்லை'யும் இல்லை, 'தெரியாது' என்ற மூன்றாவது நிலை. வடிகட்டும் வேர் (WHERE) பகுதி 'ஆம்' வந்த நிரையை மட்டும் உள்ளே விடும். முன்னால் மறுப்புச் சொல்லான நாட் (NOT) சேர்த்தாலும் தெரியாதது தெரியாததாகவே இருக்கும். 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும் நாட் இன் (NOT IN) கவிழ்வது இதனால்தான். யார் நூல் எடுத்தார் என்று பதியும் இரவல் அட்டவணையில் ஒரே ஒரு நிரையில் உறுப்பினர் எண் நல்லாக இருந்தால் போதும், 'நூல் எடுக்காதவர் யார்' என்று நாட் இன் வைத்துக் கேட்கும் வினவல் ஒருவரையும் தராது. 'பொருந்தும் நிரையே இல்லை' என்று சோதிக்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) வைத்து எழுதினால் சரியாக வரும். சராசரியிலும் பாருங்கள்: 60, 80, நல் என்றால் சராசரி 70. நல்லுக்குப் பதில் 0 இட்டால் 46.67.

'அறியா மதிப்பு' பாதிக்குத்தான் பொருந்தும். உறுப்பினர் எல்லாரையும் வைத்துக்கொண்டு இரவல் அட்டவணையை இணைக்கும் லெஃப்ட் ஜாயினில் (LEFT JOIN) இரவலே எடுக்காதவரின் பக்கத்தில் நல் வருகிறது. அங்கே அறியாதது எதுவுமில்லை, நிரை இல்லை என்பது திட்டமாகத் தெரியும். உறவுநிலை மாதிரியை 1970இல் முன்வைத்த எட்கர் காட் பிற்பாடு இதை இரண்டாகவே பிரித்தார்: 'மதிப்பு உண்டு, ஆனால் கையில் இல்லை' என்பது ஒன்று, 'அந்த நிரலே இவருக்குப் பொருந்தாது' என்பது மற்றொன்று. எஸ்கியூஎல் மொழியில் இரண்டுக்கும் ஒரே குறிதான். ஆகவே காரணத்தைச் சொல்லாமல் 'இங்கே மதிப்பு இல்லை' என்று மட்டும் சொல்லும் பெயர் வேண்டும்.

'இன்மை' நல்ல சொல். ஆனால் அது ஒரு தன்மையின் பெயர். கட்டத்தில் இருக்கும் குறிக்கு அது ஒட்டவில்லை. 'இந்த நிரலில் நான்கு மதிப்பிலிகள்' என்று எழுத வருகிறது. 'நான்கு இன்மைகள்' வரவில்லை. வசைப்பொருள் பற்றிய கவலை நியாயம்தான், ஆனால் அட்டவணையைப் பற்றிப் பேசும்போது மதிப்பு என்றால் யாரும் மரியாதையை நினைப்பதில்லை. எண்மதிப்பு, இடமதிப்பு எல்லாம் அப்படித்தான் புழங்குகின்றன. 'மதிப்பிலி மதிப்பு' என்று மட்டும் யாரும் எழுதிவிடக் கூடாது.

கட்டளைத்திரையில் .நல்வேல்யூ (.nullvalue) மதிப்பிலி என்று ஒருமுறை தட்டினால், அந்த அமர்வு முழுக்க நல் உள்ள காலிக் கட்டத்துக்குப் பதில் இந்தச் சொல்லே தெரியும். முதல் பாடத்திலேயே இதைச் சேர்க்கவேண்டும்.

---

ஏற்கிறேன், ஐயா, நான்கு மதிப்பிலிகள் என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கிறது. அப்படியானால் நிரலில் நல் வரக்கூடாது என்று தடுக்கும் நாட் நல் (NOT NULL) கட்டுப்பாட்டுக்கு 'மதிப்பிலி அல்லாத' என்று இரட்டை மறுப்பாக வேண்டாம், 'மதிப்பு கட்டாயம்' என்று வைப்போம். முதன்மைச் சாவிப் பாடத்திலும் இது வேண்டியிருக்கிறது. முதன்மைச் சாவி என்றாலே மதிப்பு கட்டாயம் என்று புதியவர் நம்புவார். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற மற்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் அது சரி. எஸ்கியூலைட்டில் இன்டிஜர் பிரைமரி கீ (முழுவெண் முதன்மைச் சாவி) தவிர்த்த சாதாரண அட்டவணைச் சாவிகள், பழைய பிழை ஒன்றைப் பின்னோக்கிய ஒத்திசைவுக்காக விட்டுவைத்ததால், மதிப்பிலியை ஏற்றுக்கொள்ளும். உறுப்பினர் எண்ணை 'ம-017' போல எழுத்தாக வைக்கும் பயிற்சியில் நாட் நல் என்று தனியே எழுதச் சொல்லவேண்டும்.