எக்ஸ்பிரஷனுக்குத் தமிழில் என்ன? படக்கதை நிரலுக்கு ஒரு சொல்

கோத்தகிரியிலிருந்து:

குழுவினர்க்கு வணக்கம். இணையப் படக்கதைக்காக நாம் எழுதிவரும் பைத்தான் நிரலின் அடுத்த பதிப்பில் அமைப்புக் கோப்பு முழுவதும் தமிழுக்கு வருகிறது. கட்டம், குமிழி (பேச்சு எழுதும் வட்டம்), வால் (குமிழியிலிருந்து பேசுபவரைச் சுட்டும் முனை), பின்னணி ஆகிய சொற்களில் யாருக்கும் மறுப்பில்லை. மிஞ்சி நிற்பது, பாத்திரத்தின் உணர்ச்சியைக் காட்டும் 'எக்ஸ்பிரஷன்'.

'வெளிப்பாடு' சரிவராது. நிரலாக்கத்தில் கணக்குக் கோவையையும் அப்படிச் சொல்கிறார்கள். ஒரே கோப்பில் இரண்டும் வந்தால் குழப்பம். 'முகபாவம்' எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் கழுத்துக்கு மேலே நின்றுவிடுகிறது. நம் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் 8 முகம், 5 கை என 13 எஸ்விஜி (கோட்டுப்பட) கோப்புகள் இருக்கின்றன. கதை எழுதுபவர் 'பாட்டி [அச்சம்]: அங்கே பார்!' என்று தட்டினால், நிரல் ஒரு முகத்தையும் ஒரு கையையும் ஒரு குமிழி வடிவத்தையும் சேர்த்து எடுக்கிறது. இந்த மூன்றையும் அடக்கும் சொல் வேண்டும்.

மெய்ப்பாடு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. படக்கதையில் நாம் வரைவதும் அதைத்தான். தொல்காப்பியம் இதற்குத் தனி இயலே வைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்கிறது. நம் முகங்களும் எட்டு. கோப்புப் பெயர்களுக்கு இவற்றையே வைத்துவிடலாம்.

குன்னூரிலிருந்து:

> கோப்புப் பெயர்களுக்கு இவற்றையே வைத்துவிடலாம்

எனக்கு மூன்று தடைகள் தெரிகின்றன.

முதலாவது, நம் நிரலில் 'மெய்' ஏற்கெனவே இருக்கிறது. வரி உடைக்கும் பகுதியில் அது மெய்யெழுத்து. யாராவது சோம்பல்பட்டு 'மெய்ப்பாடு' என்பதை 'மெய்' என்று சுருக்கினால் பழைய மாறியின் மதிப்பு அழியும். பிழைச்செய்தி எதுவும் வராது, குமிழிக்குள் வரிகள் மட்டும் கண்டபடி உடையும்.

இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகள் கோபம், சோகம், பயம் என்றுதான் தட்டுவார்கள். இளிவரல் என்றால் என்னவென்று ஆசிரியரைக் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. அடைப்புக்குறி இல்லாத வரிகளில் நிரலே பேச்சைப் பார்த்து ஊகிக்கிறது. இதற்கு முன்னோடி மைக்ரோசாஃப்ட் 1996-இல் வெளியிட்ட காமிக் சாட். ஜிம் வுட்ரிங் வரைந்த உருவங்களை வைத்து, தட்டிய உரையாடலைப் படக்கதையாக அடுக்கியது. வாக்கியம் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அதில் உருவம் கத்தும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அந்த வழி அடைபட்டது. 'நான்' வந்தால் தன்னைச் சுட்டு என்ற விதியும் பாதிதான் உதவுகிறது, நாம் 'நான்' சொல்லாமலே 'வந்தேன்' என்கிறோம். ஆகவே ஏகாரக் குறியும் 'ன்' எழுத்தும் சொல்லின் கடைசியில் வந்தால் கை மார்புக்குப் போகும்படி செய்திருக்கிறோம். விளைவு, தேன் எடுக்கும் கதையில் 'தேன்' என்ற சொல் வரும் இடமெல்லாம் பாத்திரம் தன் நெஞ்சைத் தொடுகிறது. 'தேன்' என்ற ஒரு சொல்லை விலக்கலாம். 'த்தேன்' என்ற முடிவை விலக்க முடியாது, பார்த்தேனும் எடுத்தேனும் சேர்ந்து போய்விடும். 'மலைத்தேன்' வந்தால் அது பாறையில் எடுத்த தேனா, மலைத்து நின்றேன் என்பதா? நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. இப்படிப்பட்ட ஊகத்தையும் மெய்ப்பாடு என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கொடைக்கானலிலிருந்து:

குன்னூர் நண்பரின் மூன்றாம் தடை முற்றிலும் நியாயம். எழுதுபவர் அடைப்புக்குறிக்குள் தருவது மட்டுமே மெய்ப்பாடு. நிரலாகக் கண்டுபிடிப்பது 'ஊகம்'. அட்டவணையில் இரண்டு பத்தி வையுங்கள். மெய்ப்பாடு இருந்தால் ஊகத்தைப் பார்க்கவே கூடாது. மலைத்தேன் சிக்கலுக்கு வேறு மருந்தில்லை.

இரண்டாம் தடையில் மாறுபடுகிறேன். 'கோபம்', 'சோகம்' இரண்டிலும் ஓகாரக் குறி இருக்கிறது. யூனிகோடில் அது ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நிரலோ இரண்டையும் வேறு சொல்லாக எடுத்துக்கொண்டு 'அப்படி ஒன்று இல்லை' என்று நிற்கும். மேலே சொன்ன எட்டுப் பெயரையும் பாருங்கள். ஒன்றில்கூட ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லை. பிள்ளைகளுக்காகக் கோபம், சோகம், பயம், அருவருப்பு ஆகியவற்றை மாற்றுப்பெயராக ஏற்கலாம். உள்ளே வாங்கும்போது என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டாக வந்த குறியை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) மாற்றி, வெகுளி, அழுகை, அச்சம், இளிவரல் என்று பொருத்திக்கொள்ளட்டும்.

எட்டோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). இது நமக்கு நேரே பயன்படும். [அச்சம்.விலங்கு] என்றால் முகம் அதேதான், உடல் 10 பாகை பின்சாய்வு, கை விலாவோடு ஒட்டி. தேயிலைச் செடிக்கு நடுவே காட்டெருமையைக் கண்டவர் கையை வீசிக்கொண்டு ஓடுவதில்லை, உறைந்துதான் நிற்பார். [அச்சம்.கள்வர்] என்றால் கை மேலே. புதிய முகம் வரையாமல் கைக்கோப்பை மாற்றினாலே போதும்.

ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும்: குளிர். நம் மலையில் நடுக்கக் கோடு இல்லாமல் டிசம்பர், ஜனவரிக் கதை வரைய முடியாது. அந்தக் கோட்டை அச்சத்தில் சேர்த்துவிட்டால், டீ குடிப்பவரெல்லாம் பயந்தவராகத் தெரிவார். குளிர், தூக்கம், யோசனை மூன்றையும் 'நிலை' என்ற தனிச் சொல்லின் கீழ் வைத்து, உருவத்துக்கு வெளியே தனி அடுக்காக வரையச் செய்யுங்கள். [உவகை, குளிர்] என்று இரண்டும் சேர்ந்து வரலாம்.

கம்பளியோ போர்வையோ போர்த்திய பாத்திரத்தில் கை தெரியாது. அங்கே தோள் சாய்வுதான் பேச வேண்டும். மூடுபனி அடுக்கு உருவத்துக்கு மேலும் குமிழிக்குக் கீழும் இருக்கட்டும், அடர்த்தி 0.35-ஐத் தாண்டினால் வாய்க்கோடு மறைகிறது.

கோத்தகிரியிலிருந்து:

இரண்டு திருத்தமும் ஏற்பு. எழுதுபவர் தருவது மெய்ப்பாடு, நிரல் கணிப்பது ஊகம், உடம்பின் நிலவரம் நிலை. 'மெய்' என்று சுருக்கத் தடை. கோப்பு ஏற்றும்போதே சோதித்து நிறுத்திவிடும்.

வெகுளிக்கு மட்டும் எழுத்தளவும் மாறும். படத்தின் அகலம் 800 புள்ளி. 360 அகலமுள்ள கைபேசித் திரையில் 16 அளவாகத் தெரிய, படத்தில் 36 வேண்டும். வெகுளியில் அது 45, குமிழியின் விளிம்பு முள்முள்ளாக. பெரிய எழுத்து இல்லாத குறைக்கு இதுவே ஈடு. அச்சத்துக்கு விளிம்பு அலையாக, மற்ற ஆறுக்கும் நீள்வட்டம்.

படம் வரைந்து அனுப்புவோர் கவனிக்க: முகம், கை எல்லாக் கோப்பும் 400-க்கு 600, கழுத்துப் புள்ளி 200, 180-இல். இங்க்ஸ்கேப் என்ற வரைசெயலியில் பக்கத்தைப் படத்தின் அளவுக்குச் சுருக்கிச் சேமித்தால் இந்தப் புள்ளி நகர்ந்து, தலை தோளை விட்டு மிதக்கும். வந்த கோப்புகளில் மருட்கைக்கும் இளிவரலுக்கும் முகம் இன்னும் இல்லை. இரண்டையும் முதலில் அனுப்புங்கள்.