புதுப்பிப்பு: உக்ரைன் மாணவிக்கு ஜெர்மனியில் பாஃபோக் கிடைக்குமா?

கார்கிவிலிருந்து போருக்குத் தப்பி வந்து, லைப்சிக்கில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள், அரசின் பாஃபோக் உதவித்தொகை அவளுக்குக் கிடைக்குமா என்று போன முறை கேட்டிருந்தேன். சரி, விசாரித்தாயிற்று. விண்ணப்பிக்கலாம்.

எல்லாம் கையில் இருக்கும் வசிப்பு அனுமதி அட்டையைப் பொறுத்தது. வசிப்புரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவின்கீழ் தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்களுக்கு 2022 ஜூன் 1 முதல் தகுதி உண்டு. வேறு சில அனுமதிகளுக்கு உள்ள 15 மாதக் காத்திருப்பு இவர்களுக்கு இல்லை. அவள் அட்டையில் 24 என்று அச்சாகியிருந்தது, அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. படிப்பு விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது.

இழுத்தடிப்பது படிவம் 3. பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டும். அப்பா உக்ரைனிலேயே இருந்தாலும் பொதுவாகக் கணக்கில் வருவார். அந்தக் காகிதங்கள் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய பணம் கிடைக்காது. ஒரு சாதாரணக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தாலே தேதி பதிவாகிவிடும், மற்றதைப் பிறகு சேர்க்கலாம்.

முழுக்க இலவசமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். எவ்வளவு வாங்கினாலும் திருப்பிக் கட்டுவது 10,010 யூரோவைத் தாண்டாது.